‘கல் போயிருக்கும்’ என்று எழுதுவதற்கு முன்

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஒருவர் காஷுவாலிட்டிக்குள் வந்தால் உங்கள் மனதில் முதலில் தோன்றுவது கல்தான். தோன்றட்டும். திடீர் விலாவலியோடு வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சிறுநீர்க் குழாயில் கல்தான் சிக்கியிருக்கும். நம் ஊர்க் கோடையில் கேட்கவே வேண்டாம். ஒரு டைக்ளோ ஊசி, ஒரு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் சி.டி., காலையில் யூராலஜி ஓ.பி.க்கு ஒரு சீட்டு என்று நீங்கள் போகும் பாதையில் பிழை ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது அந்தப் பாதை முட்டி நிற்கும் இடத்தைப் பற்றி.

சி.டி. எடுத்தாயிற்று. கல் இல்லை. குழாய் வீங்கவில்லை. நோயாளி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். அப்போது கேஸ் ஷீட்டில் ஒரு வரி விழும்: ‘கல் போயிருக்கும்.’ சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். கல் விழுந்திருந்தால் வலியும் தணியத் தொடங்கியிருக்க வேண்டும். வலி அப்படியே இருக்க, கல் மட்டும் போய்விட்டது என்று எழுதினால் தேடல் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. அடுத்து வருகிறவரும் அதையே படித்துவிட்டு வலி மாத்திரையைக் கூட்டுகிறார். இதற்கிடையில் ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கலாம்.

கல் அல்லாத காரணங்கள் அரியவைதான். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன: உங்கள் விரல், ஈ.சி.ஜி., ஒரு ரத்தப் பரிசோதனை, சிறுநீர் புட்டி, பிறகு சரியான வகை சி.டி.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கல் வலி அலையலையாக எழும்பும். நோயாளி புரண்டுகொண்டே இருப்பார். வலி தொடைச் சந்துக்கு இறங்கும். இந்தக் கதையோடு ஒட்டாத ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் நின்று யோசியுங்கள். ஏற்ற இறக்கமே இல்லாத ஒரே சீரான வலி. இரண்டாவது ஊசிக்கும் அடங்காத வலி. ஒழுங்கற்ற நாடி. முன்பு இல்லாத உயர் ரத்த அழுத்தம். காய்ச்சல் இருக்கிறது, சிறுநீரில் சீழ் அணுக்கள் இல்லை. சர்க்கரை நோயாளி, வாந்தி, சோர்ந்து கிடக்கிறார். முகம் வெளுத்திருக்கிறது, நாடி ஓடுகிறது. பிரசவமாகிச் சில நாள்தான் ஆகிறது. சில வாரமாக முகம் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகிறது. இவற்றில் எது இருந்தாலும் ‘கல்’ என்ற முடிவுக்குச் சாட்சி வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ‘கல் வலி’ என்று வந்தால், வயிற்றின் பெருந்தமனி வீங்கிக் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது சிறுநீரகத்தின் நோய் அல்ல. ஆனால் சிறுநீரக வலியின் வேடத்தில் வந்து ஆளையே கொண்டுபோகும். இளைஞன் என்றால் விதைப்பையையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். விதை முறுக்கிக்கொண்டாலும் வலி விலாவில் பேசும்.

சாதா சி.டி. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. நான்கு பொருள்களை நன்றாகக் காட்டும்: கல், காற்று, புது ரத்தம், கொழுப்பு. விலாவலியின் அரிய காரணங்களில் சில இந்த நான்குக்குள்ளேயே அகப்பட்டுவிடும். ஆனால் ரத்தக் குழாய் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று அந்தப் படத்தைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. தமனி முழுக்க அடைத்துப்போன சிறுநீரகம்கூட முதல் சில மணி நேரத்தில் சாதா சி.டி.யில் சாதுவாகத்தான் தெரியும். ‘சி.டி. நார்மல்’ என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எந்த சி.டி. என்று கேளுங்கள். நோயாளி தப்புவதும் தப்பாததும் பல நேரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

தமனி அடைக்கும்போது

இப்படி ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பெண். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. பிறகு ‘வால்வு சுருங்கியிருக்கிறது’ என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர். ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, ஒரு வாரம் விட்டுப்போயிற்று. சாயங்காலம் இடப்பக்க விலாவில் சடாரென்று வலி, இரண்டு வாந்தி. ரத்த அழுத்தம் 170/100. வெள்ளையணு 14,000. சிறுநீரில் கொஞ்சம் சிவப்பணு. கிரியாட்டினின் 1.3. சாதா சி.டி.யில் கல் இல்லை. வெள்ளையணு ஏறியிருப்பதைப் பார்த்து ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாட்டிக் தொடங்குவதும், சிவப்பணுவைப் பார்த்து ‘கல் போயிருக்கும்’ என்று அனுப்பிவிடுவதும் இரண்டுமே இங்கே நடக்கக்கூடியவை.

இவருடைய மணிக்கட்டைப் பிடியுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்காது. ஒழுங்கற்ற நாடியை அந்தப் பெருக்கல் ஒழுங்காக்கிக் காட்டிவிடும். ஒரு முழு நிமிடம் விரலை எடுக்காமல் வையுங்கள். இரண்டு துடிப்பு நெருங்கி வரும், அடுத்தது தாமதிக்கும், அதற்கடுத்தது வலுவில்லாமல் நழுவும். எந்தக் கணக்கிலும் அடங்காது. இன்னொருவரை இதய முனையில் ஸ்டெதஸ்கோப் வைத்து அதே நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். மார்பில் 120, மணிக்கட்டில் 92 என்று வந்தால் மீதி 28 துடிப்பும் கைவரை வந்து சேரவில்லை. இடது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. தேங்கும் ரத்தம் அங்கே கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பினால் மூளைக்குப் போகலாம், காலுக்குப் போகலாம், குடலுக்குப் போகலாம். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஆகவே அங்கேயும் போகலாம்.

சிறுநீரகத் தமனியின் கிளைகள் கடைமடை வாய்க்கால் போன்றவை. ஒவ்வொரு கிளையும் தனக்கென்று ஒரு பாத்தியை மட்டும் நனைக்கும். பக்கத்துப் பாத்தியிலிருந்து தண்ணீர் வராது. தலைமடையில் அடைத்தால் அந்தப் பாத்தி காயும். கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கும் சி.டி.யில் இது ஆப்பு வடிவில் இருட்டாகத் தெரியும்: அகன்ற பக்கம் வெளியே, கூர்முனை உள்ளே. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ பார்த்தால், இருண்ட பகுதியின் வெளி ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று ஓடும். சிறுநீரக உறைக்கு வேறு வழியாக வரும் சிறு தமனிகளின் உபயம் அது. சிறுநீரகத் தொற்றில் அந்தக் கோடு இராது. எல்லா நோயாளிக்கும் இந்தக் கோடு வராது என்பதால், அது இல்லை என்று நோயையே மறுத்துவிடாதீர்கள்.

சி.டி.க்கு முன்பே சந்தேகத்தை உறுதியாக்க எல்.டி.எச். உதவும். ஆய்வகத்தின் மேல் எல்லை 250 என்றால் இந்தப் பெண்ணுக்கு 1,100 இருக்கலாம். கூடவே பார்க்கும் ஏ.எஸ்.டி. 48 என்று லேசாகத்தான் நகர்ந்திருக்கும். எல்.டி.எச். மட்டும் தனியாக எகிறியிருந்தால் கல்லீரலையும் தசையையும் விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துவிட்டாலும், உலோக வால்வில் மோதி உடைந்தாலும் இந்த எண் பொய்யாக ஏறும். சீரம் சிவந்திருந்தால் மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

இந்த நோயை 1856-லேயே ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ட்ரௌபே விவரித்துவிட்டார். 1940-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 14,411 பிரேதப் பரிசோதனைகளில் 205 பேருக்குச் சிறுநீரகத்தில் ரத்தம் போகாமல் மாண்ட திசு இருந்ததைக் காட்டியது, நூற்றுக்கு 1.4. வியன்னா நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நான்கு ஆண்டுகளில் 2,48,842 பேரைப் பார்த்ததில், உயிரோடிருக்கும்போதே இந்த நோய் என்று கண்டறியப்பட்டவர்கள் 17 பேர்தான் என்று 1999-ல் எழுதினார்கள். இரண்டும் வேறு வேறு கூட்டங்கள், நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இடைவெளியைப் பாருங்கள். வியன்னாக்காரர்கள் சொன்ன வழி எளிது: ரத்தக்கட்டி கிளம்ப வாய்ப்புள்ள உடல், விடாத விலா வலி அல்லது வயிற்று வலி, முதல் 24 மணி நேரத்துக்குள் ஏறிய எல்.டி.எச். அல்லது சிறுநீரில் ரத்தம். மூன்றும் சேர்ந்தால் கான்ட்ராஸ்ட் சி.டி.யைத் தள்ளிப்போடாதே.

எல்லோருக்கும் இதயம்தான் காரணம் என்றும் இல்லை. தென் கொரியாவில் ஒன்பது மருத்துவமனைகளைச் சேர்ந்த 438 நோயாளிகளைத் தொகுத்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குத்தான் இதயத்தில் காரணம் இருந்தது. சிலருக்குச் சிறுநீரகத் தமனியின் சுவரே கிழிந்திருந்தது. சிலருக்கு ரத்தம் உறையும் தன்மை கூடுதல். பத்தில் மூன்று பேருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. எனவே நாடி ஒழுங்காக இருக்கும் நாற்பது வயது ஆணுக்கு விலாவலியும் புதிதாக உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்தால் அவரையும் விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சையில் நேரம்தான் பெரிது. ரத்த ஓட்டம் முற்றாக நின்றால் சிறுநீரகம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று விலங்குச் சோதனைகள் சொல்கின்றன. அடைப்பு முழுமையாக இல்லாவிட்டால் மனிதருக்கு அவகாசம் நீளலாம். முக்கியத் தமனியே அடைத்து, நோயாளி சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால், குறிப்பாக இருப்பதே ஒற்றைச் சிறுநீரகம் என்றாலோ இரண்டு பக்கமும் அடைத்திருந்தாலோ, கதீட்டர் வழியாகக் கட்டியைக் கரைக்கவோ உறிஞ்சவோ முடியுமா என்று இன்டர்வென்ஷன் குழுவை உடனே எழுப்புங்கள். மற்றவர்களுக்கு ஹெப்பாரின், தொடர்ந்து மாத்திரை. கிரியாட்டினின் மிகவும் ஏறியிருந்தால் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் உடலில் தங்கிவிடும். நரம்பில் ஏற்றும் சாதாரண ஹெப்பாரின் பாதுகாப்பு. மாத்திரை என்று வரும்போது, ருமாட்டிக் வால்வு நோயோடு மேலறை நடுக்கமும் இருப்பவருக்குப் புதுவகை மாத்திரைகள் சௌகரியமாகத் தோன்றலாம். ஆனால் 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், இத்தகைய சுமார் 4,500 நோயாளிகளில் ரிவராக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிரைக் காப்பதில் முந்தியது. உலோக வால்வு உள்ளவர்களுக்கும் பழையதுதான். ஐ.என்.ஆர். பார்க்க மாதாமாதம் அலைவது தொல்லைதான். அந்த அலைச்சல் ஏன் என்பதை நோயாளிக்கு விளக்குவதும் சிகிச்சையில் சேர்த்தி.

காய்ச்சலும் இருந்து, இதயத்தில் முணுமுணுப்பும் கேட்டால், வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதோ என்று யோசியுங்கள். ஆன்டிபயாட்டிக் போடுமுன் ரத்தக் கல்ச்சருக்கு எடுத்துவிடுங்கள். அங்கே ஹெப்பாரினை அவசரப்பட்டுத் தொடங்காமல் மூத்தவர்களைக் கேளுங்கள்.

கான்ட்ராஸ்ட் பயம்

‘கிரியாட்டினின் 1.5 இருக்கிறது, கான்ட்ராஸ்ட் கொடுக்க மாட்டோம்’ என்று சி.டி. அறையிலிருந்து சீட்டு திரும்பி வரும். இந்தப் பயம் பழைய மருந்துகளின் காலத்தில் வேர்விட்டது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களும் சிறுநீரக அறக்கட்டளையும் 2020-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, சிறுநீரகம் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து வருபவர்களுக்கும்தான் சலைன் ஏற்றி முன்ஜாக்கிரதை தேவை என்கிறது. அவர்களுக்கும்கூட, உயிரோ உறுப்போ போகும் நிலை என்றால் பரிசோதனை தடைபடக் கூடாது. கான்ட்ராஸ்ட்டே முடியாது என்ற நிலையில் டாப்ளர், எம்.ஆர். ஆஞ்சியோ என்று வேறு வழிகள் உண்டு. டாப்ளரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சின்னக் கிளையில் இருக்கும் அடைப்பு அதற்குச் சிக்காது.

சிரை அடைக்கும்போது

சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேறும் சிரை அடைத்தால் உறுப்பு வீங்கும், கனக்கும், வலிக்கும், சிறுநீர் சிவக்கும். புரதம் ஒழுகும் நெஃப்ராட்டிக் நோயாளிகளில் இதை எதிர்பாருங்கள். அவர்களிலும் மெம்ப்ரேனஸ் வகையினரிடம் அதிகமாக. ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் சிறுநீரோடு போய்விடுவதால் இந்த நிலை. அல்புமின் 2.8-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. 1840-லேயே பிரெஞ்சு மருத்துவர் ராயேர் இந்த உறவைக் குறித்திருக்கிறார். பிரசவித்த தாய், வயிற்றுப்போக்கில் வறண்டுபோன கைக்குழந்தை, இந்த இருவரிடமும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குத் திடீரென இடப்பக்க விதைப்பையில் நரம்பு சுருண்டு புடைத்தால் அதுவும் துப்பு. இடது விதையின் சிரை இடது சிறுநீரகச் சிரையில்தான் போய்ச் சேர்கிறது. கான்ட்ராஸ்ட் சி.டி.யில் சிரைக் கட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை உறைவு தடுப்பு மருந்துதான்; புரத ஒழுக்கு அடங்கும் வரையாவது நீளும். புரதம் ஒழுகுவதன் வேரையும் தேடிப் பார்க்க வேண்டும்.

காற்று தெரிந்தால்

சிறுநீரகத்தில் வாயு உண்டாகும் இந்தத் தொற்றை நம் ஊரில் ‘அரிது’ என்று சொல்லவே எனக்குக் கொஞ்சம் தயக்கம், அவ்வளவு சர்க்கரை நோய் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு, விலாவலி, குளிர் காய்ச்சல், வாந்தியோடு வரும் பெண்; சிறுநீரகத்துக்குள் கிருமிகள் குளுக்கோஸைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கியிருக்கும். 1898-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் இந்தக் காற்று பளிச்சென்று தெரிந்து, கல் என்று ஏமாற்றும். ‘பல கற்கள், நிழல் தெளிவாக இல்லை’ என்று ரிப்போர்ட் வந்து, நோயாளி மோசமாக இருந்தால், அன்றே சி.டி. எடுங்கள். இதற்குக் கான்ட்ராஸ்ட்கூட வேண்டாம்.

முன்பெல்லாம் இந்த நோய் என்றாலே சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள். 2000-ல் தைவான் மருத்துவர்கள் ஹுவாங், செங் இருவரும் 48 நோயாளிகளை சி.டி.யை வைத்து வகை பிரித்து, எங்கே காற்று இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கேற்ப வழி சொன்னார்கள். இப்போது முதலில் வலுவான ஆன்டிபயாட்டிக், சர்க்கரைக் கட்டுப்பாடு, தோல் வழியாகக் குழாய் போட்டுச் சீழை வடித்தல், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட். இதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் அறுவை. தட்டணு குறைவு, ஏறும் கிரியாட்டினின், நினைவு தடுமாற்றம், அதிர்ச்சி நிலை: இந்த நான்கில் இரண்டு இருந்தாலே ஐ.சி.யு.வில் இடம் கேளுங்கள்.

ரத்தம் தெரிந்தால்

அடி எதுவும் படாமல் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கசிவதை 1856-ல் விவரித்தவர் வுண்டர்லிக். உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி என்று நிலைநாட்டியவரும் அவர்தான். விலாவலி, விலாவில் கைக்குத் தட்டுப்படும் வீக்கம், ரத்த அழுத்தச் சரிவு மூன்றும் சேர்ந்து வரும் என்று புத்தகத்தில் இருக்கும். மூன்றும் சேரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். வெளுத்த இமையும் ஓடும் நாடியும் போதும். பெரும்பாலும் உள்ளே ஒரு கட்டி இருக்கும். அதில் முக்கியமானது கொழுப்பும் தசையும் ரத்தக் குழாயும் பின்னிய ஆஞ்சியோமயோலைப்போமா. புற்றல்லாத கட்டிதான், ஆனால் 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், கர்ப்பகாலத்திலும் வெடிக்கும் வாய்ப்பு கூடும். முகத்தில் சிறு சிறு பருக்களும் வலிப்பு நோயும் கூடவே இருந்தால் டியூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற பரம்பரை நோயைத் தேடுங்கள். சிகிச்சை: ரத்தம் ஏற்றி நிலைப்படுத்தி, கசியும் தமனியைக் கதீட்டர் வழியே அடைப்பது, முடிந்தவரை சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது. கட்டி எதுவும் தெரியவில்லை என்றாலும், ரத்தம் வடிந்த பின் சில வாரங்களில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தக் கட்டிக்குப் பின்னால் புற்று ஒளிந்திருக்கலாம்.

இங்கே அந்த அசிட்ரோம் பெண்ணை மறுபடி நினையுங்கள். மாத்திரை விட்டுப்போனால் தமனி அடைக்கும். மாத்திரை அளவு மீறினால், ஐ.என்.ஆர். 6, 7 என்று ஏறி, அதே விலாவில் ரத்தம் கசியும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். ஆகவே படம் பார்க்காமல் ஹெப்பாரின் தொடாதீர்கள்.

இன்னும் இரண்டு

சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்கும் முனைகள் ரத்தமில்லாமல் மடிந்து, துண்டாகக் கழன்று குழாயில் சிக்கினால் அச்சு அசலாகக் கல் வலியேதான். சர்க்கரை நோய், காசநோய், மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்காகக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை ஆகியவை காரணம். இன்னொரு காரணம் சிக்கிள் செல். இந்தியாவில் அந்த மரபணுவை முதலில் கண்டது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் இருவரும் எழுதினார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணிபுரிகிறவர்கள், ரத்தச் சிறுநீரோடு வரும் பழங்குடி இளைஞருக்குச் சிக்கிள் பரிசோதனை செய்யாமல் அனுப்ப வேண்டாம். சிறுநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். கல்லுக்குப் பதில் சதைத் துணுக்கு வந்தால் குப்பையில் போடாமல் பேத்தாலஜிக்கு அனுப்புங்கள். அடைப்பை நீக்கி, தொற்றை அடக்கி, வலி மாத்திரையை நிறுத்துவதுதான் வைத்தியம்.

மற்றொன்று, ஓட்டப் பந்தயம் மாதிரி குறுகிய நேரக் கடும் உழைப்புக்குச் சில மணி நேரம் கழித்து இரு விலாவிலும் வலியோடு வரும் இளைஞர். பெரும்பாலும் ஜப்பானிலும் கொரியாவிலும் எழுதப்பட்ட நோய். சிறுநீர் சிவக்காது, தசை நொதி அவ்வளவாக ஏறாது, கிரியாட்டினின் ஏறும், யூரிக் அமிலம் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைந்திருக்கும். பிறவியிலேயே யூரிக் அமிலத்தைப் பிடித்துவைக்க முடியாத சிறுநீரகம் அது. ஓய்வும் நீரும் தந்து, வலி மாத்திரையைத் தவிர்த்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். யூரிக் அமிலம் கூடினால் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடும் நாம், குறைந்தாலும் ஒரு கணம் பார்க்க வேண்டும்.

கேட்பது இதைத்தான்

கல் தெரியாத ஒவ்வொரு விலாவலிக்கும் அன்றிரவே ஐந்து வேலை முடியட்டும்: ஒரு நிமிட நாடி, ஈ.சி.ஜி., சிறுநீரில் ரத்தமும் புரதமும், எல்.டி.எச்., சர்க்கரை. இவற்றில் ஒன்று இயல்புக்கு மாறாக இருந்தாலும், அல்லது வலி அடங்காவிட்டாலும், கான்ட்ராஸ்ட் சி.டி. எடுங்கள். சீட்டில் ‘விலாவலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘சிறுநீரகத் தமனி, சிரை அடைப்பு சந்தேகம்’ என்று எழுதினால்தான் படம் எடுப்பவர் சரியான கட்டங்களில் எடுப்பார்.

உங்கள் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்.டி.எச். பல இடங்களில் பகல் பரிசோதனையாகவே இருக்கிறது. ராத்திரியில் கேட்டால் ‘காலையில் அனுப்புங்க’ என்கிறார்கள். ரத்தம் தேங்கும் இதயத்துக்குக் காலை என்ற கணக்கு கிடையாது. இரவுப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். கான்ட்ராஸ்ட் யாருக்குக் கொடுக்கலாம் என்பதைக் கதிரியக்கத் துறையோடு உட்கார்ந்து பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, சி.டி. அறைக் கதவில் ஒட்டிவிட்டால் நடு ராத்திரியில் பயிற்சி மருத்துவர் வாதாட வேண்டியிருக்காது.

எல்லாம் செய்தும் காரணம் தெரியாமல் போகலாம். அப்போது டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: ‘கல் காணப்படவில்லை. வலிக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை.’ கூட வந்தவரிடம் தமிழில் சொல்லி அனுப்புங்கள்: வலி திரும்பினால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் சிவந்தால், மயக்கம் வந்தால், கை கால் மரத்துப்போனால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். ரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க ஒரு தேதியும் போட்டுக் கொடுங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் அடுத்த மருத்துவர் தேடத் தொடங்குவார். ‘கல் போயிருக்கும்’ என்று எழுதியிருந்தால் அவரும் தேட மாட்டார்.

அன்புடன்,
உங்கள் வார்டுக்குக் கன்சல்ட் பார்க்க வரும் ஒரு சிறுநீரக மருத்துவர்